கை வசனம்

விளையாட ஒருவரும் இல்லாத வீட்டில்
ஒரு விளையாட்டுப் பெட்டி.
ரூசே நகரம், எட்டாவது மாடி.
லிஃப்ட் ஓடும் நாட்களில் எட்டாவது மாடி,
மற்ற நாட்களில் மலை.

ரிப்பேர் கடையைக் காலி செய்த யாவோர்
என் அண்ணன் தோட்டத்துச் செர்ரி
மூன்று கூடைக்கு அதைக் கொடுத்தான்.
"படம் போடும்" என்றான்,
"டிவிடி போடும், பென்டிரைவ் போடும்,
தொட்டால் சூடும் போடும்."

போட்டது.
தொடங்கிய கால் மணியில்
உள்ளிருக்கும் விசிறி விழித்துக்கொண்டு
கிளம்ப மனமில்லாத விமானம்போல
ஓடுபாதையிலேயே ஓடும்.
காதலர் கிசுகிசுக்கும் கட்டத்தில்தான்
அதற்கு வெறி பிடிக்கும்.
தொல்லை எனக்கு மட்டும்.
ஓக்னியானுக்குப் பிறந்த நாளிலிருந்து
விமானமும் கிசுகிசுப்பும் ஒன்று.

அவருக்கு வேண்டியது அடியில் ஓடும் எழுத்து.
வந்தது, ஆனால்
எங்கள் எழுத்தாக வரவில்லை.
தொப்பி போட்ட ஏ, வால் முளைத்த சி,
தலையில் இரண்டு புள்ளி வைத்த யார் யாரோ
வரிசையாக நடந்துபோனார்கள்.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.

திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு
நான் உட்கார்ந்தது அப்படித்தான்.
எல்லாம் இத்தாலியப் படம்.
பாரி துறைமுகத்தில் ஏழு வருடம்
பாத்திரம் கழுவியவள் நான்;
திட்டுவது, கெஞ்சுவது, சம்பளம் கேட்பது
மூன்றும் அந்த மொழியில் சரளம்.
மேசை விளக்கை என் விரல்மேல் திருப்பி வைப்பார்.
கொலைகாரனும் நான், போலீசும் நான்,
மழையில் நனைந்த பாதிரியாரும் நான்.

நான்கு ஜிபிக்கு மேல் ஒரே வாயில் விழுங்காது அது.
ஒவ்வொரு படத்தையும் இரண்டாக வெட்டித்தான்
ஊட்டவேண்டும்.
எங்கே விழுவோம் என்று கத்திக்கே தெரியாது.
"நான் உன்னை" என்று ஒருத்தி வாயெடுக்க,
கறுப்பு.
அதுதான் எங்கள் இடைவேளை.
ஆளுக்கொரு பிடி சூரியகாந்தி விதை.
அந்த "உன்னை"க்கு அடுத்து என்ன என்று
பந்தயம் கட்டுவோம்.
தோற்றவர் கீழே போய்க் குப்பை கொட்டவேண்டும்.

மூன்று குளிர்காலம் இப்படி.

போன மார்ச்சில் யாவோரின் தங்கை கலீனா வந்தாள்.
கோப்பைத் திறந்தாள், வேறு குறியாக்கம் தேர்ந்தாள்,
சேமித்தாள், மூடினாள்.
காப்பி ஆறவில்லை.
அன்றிரவு எங்கள் எழுத்து
முதன்முறையாகக் கால் ஊன்றி நின்றது.
முக்காலியைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டு
சோபாவில் அவர் அருகே உட்கார்ந்தேன்.
கை இரண்டும்
என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தன.

பழைய படத்தையே போட்டார், ரயில் நிலையப் படம்.
கடைசிக் காட்சி. விசிறி கிளம்பியாயிற்று.
ஜன்னலில் சாய்ந்து அவள் ஏதோ சொல்ல,
எழுத்து சொன்னது:
"சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடு."

நிறுத்தினார்.
'குளிர் முடிந்ததும் வருகிறேன்,
நீ முடி வெட்டிக்கொள்ளாதே' என்றல்லவா
நீ சொன்னாய், என்று கையால் கேட்டார்.

எனக்குக் காது கேட்கவில்லை, என்றேன்.
சொன்ன பிறகுதான்
யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது.
விசிறியைப் பற்றி மூன்று வருடம்
நான் அவரிடம் மூச்சு விடவில்லை.
அவர் கையை எடுத்துப் பெட்டியின் முதுகில் வைத்தேன்.
கொதித்தது; நடுங்கியது.
தினமுமா?
தினமும்.
எத்தனை படத்தில் இப்படிச் சொந்தமாக?
விரல் விட்டு எண்ண ஆரம்பித்து
நிறுத்திவிட்டேன்.

இப்போது எழுத்தும் ஓடுகிறது, நானும் ஓடுகிறேன்.
முக்காலி பழைய இடத்தில், விளக்கும்.
இரண்டு பேச்சும் ஒத்துப்போகாத இடத்தில்
படத்தை நிறுத்திச் சண்டை.
அநேகமாக எழுத்துதான் சரி.
குப்பை நான்தான் கொட்டுகிறேன்.
இந்த வாரம் லிஃப்ட் வேறு ஓடவில்லை.